பட்டியும் காடும்

டர்பன் நகரத்து விடுதிகளில் பயணிகளுக்கென்று ஒரு துண்டுத்தாள் வைத்திருப்பார்கள். காலையில் ஜூலு கிராமம், மதியத்துக்கு மேல் சஃபாரி. கிராமத்துக்கு ஒரு கட்டணம், விலங்குகளுக்கு ஒரு கட்டணம், இரண்டுக்கும் சேர்த்துப் பதிந்தால் சலுகை. தென்னாப்பிரிக்காவின் குவாஜூலு-நட்டால் மாகாணத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டை இப்படித்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மனிதர்கள் ஒரு பட்டியலில், மிருகங்கள் இன்னொரு பட்டியலில்.

அந்த மண்ணில் இவை இரண்டும் தனித்தனி விஷயங்களே அல்ல என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்று காண்டாமிருகம் மேயும் புல்வெளி ஒரு காலத்தில் ஜூலு அரசர்களின் வேட்டை நிலம். வேலிக்கு வெளியே பட்டியில் நிற்கும் மாட்டுக்கும் உள்ளே திரியும் காட்டெருமைக்கும் ஒரே வரலாறு, ஒரே உண்ணி, ஒரே நோய். கிராமத்தைத் தெரிந்துகொள்ளாமல் காட்டுக்குள் போகிறவருக்கு அங்கே விலங்குகள் மட்டும்தான் கண்ணில் படும்.

டர்பனிலிருந்து வடக்கே போகும் என்2 நெடுஞ்சாலையின் இருபுறமும் கரும்பு. மேடும் பள்ளமுமாக, கடல் காற்றில் அலையடிக்கும் கரும்பு. அதற்கும் நமக்கும் நேரடி உறவு உண்டு. சென்னையில் புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் பக்கத்திலேயே ஆயிரமாயிரம் ஜூலு மக்கள் இருக்கும்போது வெள்ளைத் தோட்டக்காரர்கள் ஏன் கடல் கடந்து ஆள் பிடிக்க வந்தார்கள் என்பதை நாம் அதிகம் யோசித்ததில்லை. ஜூலு ஆணுக்கு நிலம் இருந்தது, மாடு இருந்தது, வீட்டுப் பெண்கள் பயிரிட்ட சோளம் இருந்தது. வருஷக்கணக்கில் அடுத்தவன் கொல்லையில் கரும்பு வெட்டும் நிர்ப்பந்தம் அவனுக்கு இல்லை. மாடும் வீடுமாக உறுதியாக நின்ற அந்த வாழ்க்கையை உடைக்க முடியாததால்தான் நம் முன்னோர்கள் அங்கே போய் இறங்கினார்கள்.

பிறகு அதையும் வெள்ளையர்கள் உடைத்தார்கள். துகேலா ஆற்றைக் கடந்தால் பழைய ஜூலுநாடு தொடங்குகிறது. 1879 ஜனவரி 22 அன்று இசாண்ட்ல்வானா மலையடியில் ஜூலு படை, துப்பாக்கி ஏந்திய பிரிட்டிஷ் படையை ஈட்டியாலும் கேடயத்தாலும் முறியடித்தது. அதே ஆண்டு ஜூலை 4 அன்று அரசர் கெச்வாயோவின் தலைநகரான ஒண்டினியைப் பிரிட்டிஷார் கொளுத்தினார்கள். 1887-இல் நாட்டையே தங்கள் ஆட்சியோடு இணைத்துக்கொண்டார்கள். குடிசைக்குக் குடிசை வரி வந்தது. வரி கட்டக் காசு வேண்டும், காசுக்குச் சுரங்க வேலைக்குப் போக வேண்டும். இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் போனால் ஒவ்வொரு குன்றும் வேறு மாதிரி தெரிகிறது.

எஷோவே ஊருக்கு அப்பால், 1986-இல் வெளிவந்த 'ஷாகா ஜூலு' தொலைக்காட்சித் தொடருக்காகப் புல்வீடுகள் கட்டி அரங்கு அமைத்தார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் அது ஷாகாலாந்து என்ற சுற்றுலாக் கிராமமாயிற்று. அதைப் போன்ற காட்சிக் கிராமங்கள் மாகாணத்தில் இன்னும் பல உண்டு. அவற்றில் ஒன்றில் நானும் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். இண்ட்லாமு என்ற அந்த ஆட்டத்தில், காலைத் தலைக்கு மேல் வீசி உயர்த்தி, முரசின் அடியோடு சேர்த்துத் தரையில் அறைகிறார்கள். வரிசையில் இருபது கால்கள் ஒரே நொடியில் இறங்கும்போது அந்த அதிர்வு பார்க்கிறவன் நெஞ்சுக்குள் இறங்குகிறது. இதைப் போலிக் கலை என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த இளைஞர்கள் சின்ன வயதிலிருந்து கல்யாண வீடுகளில் ஆடி ஆடித் தேறியவர்கள்; உடம்பு பொய் சொல்லவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வீடுகளில் யாரும் தூங்குவதில்லை. பட்டியில் மாடு இல்லை. ஜூலு வீட்டில் மாடு இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் சுவர்தான்.

மாடு உள்ள வீட்டைப் பார்க்க ஹ்லாபிசா மலைப்பக்கம் போனோம். கூட வந்தவர் அந்த வட்டாரத்து இளைஞர். வாசலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி இறங்கியவர், உள்ளே போகாமல் நின்று, அந்த வீட்டுக்காரரின் குலத்தைப் புகழ்ந்து சொல்லும் பட்டப்பெயர்களை உரக்கச் சொன்னார். உள்ளேயிருந்து பதில் வரும்வரை காத்திருந்தோம். வீட்டுப் பெரியவர் வந்தார். அவரை 'பாபா' என்றும் அவர் தாயாரை 'கோகோ' என்றும் அழைக்க வேண்டும் என்று வழியிலேயே சொல்லித் தந்திருந்தார் இளைஞர். அப்பா, பாட்டி என்றுதான் அங்கே அந்நியரையும் அழைக்கிறார்கள். பாபா எங்களை உட்கார வைத்துவிட்டு முதலில் கேட்டது, என் அப்பாவின் பெயர். அடுத்தது தாத்தாவின் பெயர். நான் செய்யும் வேலையைப் பற்றி வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார்.

புல் வேய்ந்த தேன்கூட்டு வீடுகளை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இங்கே சிமெண்ட் கல் சுவரும் தகரக் கூரையும் கிடைக்கும். பச்சை நிறத்தில் ஜோஜோ தண்ணீர்த் தொட்டி, சுவரில் டிவி டிஷ், கொடியில் பள்ளிச் சீருடை. ஆனால் வளாகத்தின் அமைப்பைப் பாருங்கள். நடுவில் மாட்டுப்பட்டி, அதைச் சுற்றித்தான் வீடுகள். பட்டிக்கு இசிபாயா என்று பெயர். முன்பெல்லாம் தானியக் குழிகளைப் பட்டிக்கு அடியில்தான் வெட்டினார்கள். குடும்பத் தலைவர் இறந்தால் பட்டியை ஒட்டித்தான் புதைப்பார்கள். முன்னோர்களுக்குப் படைக்க மாடு அறுக்கும் நாளில் அவர்களை அழைப்பதும் இங்கே நின்றுதான். பெற்ற நிலமும் புதைத்த நிலமும் மேயும் மாடும் ஒரே வட்டத்துக்குள் இருக்கின்றன.

பாபாவின் மாடுகள் சாயங்காலம் இறங்கி வந்தன. நடுத்தர உடல், மினுங்கும் தோல், லைர் யாழைப் போல் வளைந்த கொம்பு. ங்குனி இனம். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. தோலின் புள்ளியையும் கோட்டையும் வைத்தே ஒவ்வொன்றுக்கும் பெயர். ஒரு வகைப் புள்ளிக்கு வானம்பாடியின் முட்டை. இன்னொரு வகைக்கு மோரில் விழுந்த ஈக்கள். மாட்டுக்குப் பெயர் வைக்கத் தெரிந்தவன் காட்டையும் உன்னிப்பாகப் பார்த்தவனாகத்தான் இருக்க முடியும் என்று அப்போது தோன்றியது.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குத் தரும் மாடுகளுக்கு லொபோலா என்று பெயர். 1869-இல் நட்டால் காலனி அரசு இதற்கு வரம்பு வைத்தது: சாதாரணக் குடும்பத்துக்குப் பத்து மாடு. பெண்ணின் தாய்க்கென்று தனியாக ஒன்று. இந்தப் பதினொன்று என்ற கணக்கு இன்றும் நிற்கிறது. பெரும்பாலும் பணமாகத்தான் கைமாறுகிறது. பேச்சு மட்டும் மாட்டுக் கணக்கில் நடக்கிறது. 'நாலு மாடு தந்திருக்கிறார்கள், ஏழு பாக்கி' என்றுதான் சொல்கிறார்கள். வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்த பகுதி அது. பதினொரு மாட்டுக்கு வழியில்லாமல் தள்ளிப் போகும் கல்யாணங்களைப் பற்றி இளைஞர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். அவர் கதையும் அதில் அடக்கம்.

வளாகத்தில் ஒரே ஒரு வட்டவீடு மட்டும் புல் கூரையோடு இருந்தது. முன்னோர்களுக்காக அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். குனிந்துதான் நுழைய முடியும். நுழைந்ததும் வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். தரை சாணம் மெழுகிக் கல்லால் தேய்த்தது, இருட்டிலும் பளபளத்தது. வாசலுக்கு நேர் எதிரே பின்சுவரை ஒட்டிய இடம் உம்சாமோ. முன்னோர்கள் தங்கும் இடம் என்பதால் யாரும் அங்கே காலை நீட்ட மாட்டார்கள். சோளக் கள்ளைக் காய்ச்சி வடிகட்டியதும் கொஞ்சம் எடுத்து அங்கே வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

அந்தக் கள் வரும் பானைக்கு உகாம்பா என்று பெயர். உருண்டையான கருப்புப் பானை. சுட்ட பானையை மறுபடி புகையில் சுட்டு, கொழுப்பு தடவித் தேய்த்துத்தான் அந்தக் கருப்பைக் கொண்டுவருகிறார்கள். குளிர்ச்சியும் இருட்டும்தான் முன்னோர்களுக்குப் பிடிக்கும் என்பது நம்பிக்கை. காய்ச்சிய பெண்ணே முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினாள். பிறகு பானை கைமாறி வந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்கள். புளிப்பும் மாவு வாசனையுமாக, கஞ்சியைப் போல் கனத்து இறங்கியது.

கோகோ ஒரு மூலையில் கூடை முடைந்துகொண்டிருந்தார். ஹ்லாபிசா பகுதி கூடைகளுக்குப் பேர் போனது. இலாலா என்ற பனைவகையின் குருத்தோலையைக் கிழித்து, வேரிலும் பட்டையிலும் எடுத்த சாயத்தில் தோய்த்து, சுருள் சுருளாகச் சுற்றித் தைக்கிறார்கள். கள்ளை ஊற்றினாலும் ஒழுகாத அளவுக்கு நெருக்கமான முடைச்சல். பெரிய கூடை ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். இவர்கள் கூடைகள் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நெடுஞ்சாலைக் கடைகளில் பேரம் பேசி வாங்குகிற பயணிகள், முடிந்தால் முடைந்தவர் கையிலிருந்தே வாங்க வேண்டும். கேட்ட விலையைத் தர வேண்டும். கோகோவின் விரல் நுனிகளைப் பார்த்த யாருக்கும் பேரம் பேச வாய் வராது.

பாபாவின் வளாகத்து வேலியோரம் ஒரு முள்மரம். உம்லாஹ்லாங்கோசி என்கிறார்கள். நம் இலந்தையின் இனம்தான். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முள்: ஒன்று நேராக, இன்னொன்று பின்னால் வளைந்து. வீட்டை விட்டு எங்கோ தொலைவில், ஆஸ்பத்திரியிலோ சாலை விபத்திலோ ஒருவர் இறந்துபோனால், குடும்பத்தின் மூத்தவர் இந்த மரத்துக் கிளை ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போகிறார். இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்து, 'வா, வீட்டுக்குப் போகலாம்' என்கிறார். கிளையோடு மினிபஸ்ஸில் ஏறினால் அதற்கும் ஒரு இருக்கை பிடித்துக் கட்டணம் கொடுக்கிறார். வழியில் வேறு யாரிடமும் பேசுவதில்லை. இறந்தவரிடம் மட்டும் வந்த வழியைச் சொல்லிக்கொண்டே வருகிறார். வீடு சேர்ந்ததும் கிளை உம்சாமோவுக்குப் போகிறது. ஜோகனஸ்பர்க் சுரங்கங்களில் உயிர்விட்ட எத்தனையோ பேர் இந்தக் கிளையில் ஏறித்தான் ஊர் திரும்பினார்கள். பாபா இதைச் சொன்னபோது குரலில் எந்தச் சோகமும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்த நிறைவு மட்டும்தான்.

மறுநாள் காலை ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி காட்டுக்குள் முதலில் பார்த்ததும் அதே மரம்தான். ஒரு ஒட்டகச்சிவிங்கி அந்த இரண்டு முட்களுக்கும் நடுவே நாக்கை நீட்டி இலையை உருவிக்கொண்டிருந்தது.

ஏறத்தாழ 96,000 ஹெக்டேர். 1895-இல் அறிவிக்கப்பட்டது, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்புக்காடுகளில் ஒன்று. ஆனால் காப்பு அதற்கு முன்பே இருந்தது. கருப்பு இம்ஃபோலோசி ஆறும் வெள்ளை இம்ஃபோலோசி ஆறும் கூடுகிற முனை, ஷாகா மன்னரின் வேட்டைக்களம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே விலங்குகளை ஓட்டிவந்து குழிகளில் வீழ்த்தினார்கள் என்கிறது ஜூலுக்களின் வாய்மொழி வரலாறு. அரசர் அனுமதியில்லாமல் மற்றவர்கள் அங்கே வேட்டையாட முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் உலகத்தில் மிஞ்சியிருந்தது இந்த ஆற்றுமுனையில் மட்டும்தான், அதுவும் மிகச் சிலவே. அவற்றிலிருந்து பெருகியவைதான் இன்று ஆப்பிரிக்காவில் உள்ள 15,000-க்கும் மேற்பட்டவை. 1960-களில் இயன் பிளேயர் தலைமையில் நடந்த 'ஆப்பரேஷன் ரைனோ' இதற்குக் காரணம். மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, க்ரூகர் காட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். ஒரே இடத்தில் நோய் வந்து எல்லாம் அழிந்துபோகக்கூடாது என்பது எண்ணம். பிளேயரின் பெயர் உலகம் அறிந்தது. அவரோடு பல ஆண்டுகள் அந்தக் காட்டில் நடந்த மக்குபு ந்தோம்பேலாவின் பெயரும் அதே அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆங்கிலம் பேசாதவர். ஒவ்வொரு மரத்துக்கும் பறவைக்கும் அந்தக் காட்டில் ஒரு பழைய கதை உண்டென்று பிளேயருக்குக் காட்டியவர். பிளேயரே அவரைத் தன் ஆசான் என்றுதான் சொன்னார். 1959-இல் இருவரும் தொடங்கிய நடைப்பயணம் இன்றும் நடக்கிறது.

அதில் போவதென்றால் வண்டிப்பாதையே இல்லாத தெற்குப் பகுதியில் நடந்துதான் போக வேண்டும். துப்பாக்கியோடு இரண்டு வழிகாட்டிகள். வரிசையாக, பேச்சில்லாமல் நடக்கச் சொல்வார்கள். ஜீப்பில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு விலங்கு ஒரு காட்சி. நடக்கிறவருக்கு முதலில் தெரிவது சாணம். காண்டாமிருகம் குறிப்பிட்ட இடத்தில்தான் போடும்; ஆண் பின்னங்காலால் அதை உதைத்துச் சிதறவிட்டு எல்லையைச் சொல்லும். சாணத்தில் மெல்லிய புல்நார் இருந்தால் வெள்ளை. கத்தியால் சாய்வாக வெட்டியது போன்ற குச்சித்துண்டுகள் இருந்தால் கருப்பு. அது புதர் மேய்வது, கோபமும் அதிகம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று வழிகாட்டி சாம்பல் பையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் கையை உயர்த்தினார். முப்பது அடி தள்ளி ஒரு பெண் வெள்ளைக் காண்டாமிருகம், முன்னால் அதன் குட்டி. வெள்ளை இனத்தில் குட்டி தாய்க்கு முன்னால் ஓடும், கருப்பில் பின்னால் வரும் என்று பிறகு சொன்னார்கள். அகன்ற உதட்டால் புல்லை வெட்டும் சத்தம், எங்கள் ஊரில் மாடு மேயும்போது கேட்கிற அதே சத்தம்தான், நாலு மடங்கு பெரிதாகக் கேட்டது.

அதன் முகத்தில் கொம்பு இல்லை. இருந்த இடத்தில் தட்டையாக ஒரு தழும்பு மாதிரி அடிக்கட்டை.

2023-இல் தென்னாப்பிரிக்காவில் 499 காண்டாமிருகங்களைக் கள்ளவேட்டைக்காரர்கள் கொன்றார்கள். அவற்றில் 300-க்கும் மேல் இந்த ஒரே காட்டில். மறு ஆண்டு மாகாண வனத்துறையான எசெம்வெலோ இங்குள்ள காண்டாமிருகங்களை மயக்கிக் கொம்பை அறுக்கத் தொடங்கியது. நகம் எதனால் ஆனதோ அதனால்தான் கொம்பும் ஆனது. வேரை விட்டுவிட்டு மேலே அறுத்தால் வலிக்காது, மறுபடி வளரும், மறுபடி அறுக்க வேண்டும். கொலைகள் குறைந்தன. மலைபோன்ற அந்த உடம்பின் முன்னால் அந்த வெறுமையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் அறுத்தவர்கள் செய்தது சரி. உயிரோடிருந்தால் கொம்பு வளரும்.

இரவு திறந்த வெளியில் படுக்கை. ஆளுக்குக் கொஞ்ச நேரமாக முறை வைத்துத் தீயருகே காவல். மற்றவர்கள் தூங்க, ஒருவர் மட்டும் விழித்திருந்து தீயை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றுக்கு அப்பால் சிங்கம் உறுமியது. இந்தக் காட்டில் சிங்கம் முழுக்க அழிந்துபோய், 1958-இல் வடக்கிலிருந்து ஒரு ஆண் சிங்கம் தானாக நடந்து வந்து சேர்ந்ததாம். உறுமல் ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் மலைமேலிருந்து இன்னொரு சத்தம் மெல்லியதாக வந்தது: நாய் குரைப்பு. வேலிக்கு வெளியே ஊர் இருக்கிறது.

அந்த வேலியின் கதைக்குள் ஈ ஒன்று இருக்கிறது. 1890-களில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் உபோம்போவில் தங்கி, மாடுகளைக் கொல்லும் நகானா நோயின் கிருமியை அடையாளம் கண்டார். செட்ஸி ஈ பரப்பும் நோய் அது. காட்டு விலங்குகளின் ரத்தத்தில் அது கமுக்கமாக இருக்கும். அவற்றை ஒன்றும் செய்யாது. சுற்றிலும் வெள்ளையர் பண்ணைகள் பெருகியபோது, ஈயை ஒழிக்க விலங்குகளை ஒழிக்க வேண்டும் என்று முடிவெடுத்து, 1950 வரை பல கட்டங்களாகக் காட்டுக்குள் புகுந்து பல்லாயிரக்கணக்கான வரிக்குதிரைகளையும் மான்களையும் சுட்டுத் தள்ளினார்கள். காண்டாமிருகத்தை மட்டும் விட்டார்கள். அரசரின் வேட்டைக்காடாக இருந்தவரை நிறைந்திருந்த இடம், பாதுகாக்கப்பட்ட காடான பிறகு வெறிச்சோடியது. ஹ்லுஹ்லுவேக்கும் இம்ஃபோலோசிக்கும் நடுவே இருந்த நிலத்தை 'காரிடார்' என்பார்கள். காட்டெருமையிலிருந்து உண்ணி வழியாக மாட்டுக்கு வரும் ஒரு கொடிய காய்ச்சலுக்கு இந்த இடத்தின் பெயராலேயே காரிடார் நோய் என்று உலகமெங்கும் பெயர். இன்று மின்வேலி போட்டிருப்பது சிங்கம் வெளியே வராமலிருக்க மட்டுமல்ல, எருமை மாட்டோடு கலக்காமலிருக்கவும்தான்.

வேலிக்கு வெளியே வேலை குறைவு. காட்டை ஒட்டிய சோம்கேலேயில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அதன் விரிவாக்கத்தை எதிர்த்த ஃபிகிலே ந்த்ஷாங்காசே என்ற பெண்மணி 2020 அக்டோபரில் தன் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அங்கே காடு பிழைப்பதும் ஊர் பிழைப்பதும் ஒன்றோடொன்று எவ்வளவு பின்னியிருக்கின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நல்ல வழிகளும் உண்டு. கடற்கரையோரம், 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இசிமாங்காலிசோ ஈரநிலத்தில், ஆண்டுதோறும் மே மாதம் சுற்றுவட்டாரப் பெண்களுக்கு ங்செமா கோரை அறுக்க அனுமதி தருகிறார்கள். கல்யாணப் பெண் புகுந்த வீட்டாருக்குத் தர வேண்டிய பாய்களை அந்தக் கோரையில்தான் பின்னுகிறார்கள். நீர்யானையும் முதலையும் இருக்கும் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுக்கிறார்கள்.

திரும்பும் வழியில் பாபா வீட்டுக்குப் போனோம். காட்டுக்குள் என்ன பார்த்தீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். கொம்பில்லாத தாயைப் பற்றிச் சொன்னதும் கண்ணை மூடித் தலையாட்டினார். அவர் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டதாம். வேலி அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரியும் தொலைவுதான். உள்ளே போகக் கட்டணம், வண்டி, எல்லாம் வேண்டும்.

பிறகு அவர் கேட்டது விலங்குகளைப் பற்றி அல்ல. "ஆற்றோரம் புல் எப்படி இருக்கு? இடுப்புக்கு வந்திருக்கா?"

வந்திருக்கிறது, சில இடங்களில் தோளுக்கே வந்திருக்கிறது என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் கூரைப்புல் அறுக்க ஊர்க்காரர்களுக்கு அனுமதி கொடுப்பார்களாம். வட்டவீட்டின் கூரை பழசாகிவிட்டது. இந்த வருஷம் மாற்றியாக வேண்டும். மகனைக் கூப்பிட்டு, பெயர் எழுதித் தரும் கடைசி நாள் என்றைக்கு என்று விசாரிக்கச் சொன்னார்.